கம்பைல் ஆகிவிட்டது, விடைதான் தப்பு

“ரெண்டு நாள் வேலைம்மா. ஹிப்புக்கு மாத்திட்டா ஓடிடும்” என்றார் எங்கள் சீனியர் அண்ணா. ஹிப் என்பது ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு (ஜிபியு) நிரல் எழுதும் வழி. இரண்டு நாளில் கம்பைல் ஆனது, அதாவது இயந்திர மொழிக்கு மாறியது, அதில் பொய் இல்லை. சரியான விடை வர ஏழு வாரம் பிடித்தது.

எங்கள் குழுவில் ஒரு துகள் சிமுலேஷன் நிரல் இருக்கிறது. என்விடியாவின் ஜிபியு மொழியான கூடாவில் எழுதியது, சுமார் 11,000 வரி, எனக்கு முன்னால் மூன்று பேர் கைபட்டது. இதுவரை என்விடியா கார்டுகளில் மட்டுமே ஓடியது. ஜனவரியில் வெளியே ஒரு கணினி மையத்தில் எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். அங்கே இருந்தவை ஏஎம்டியின் எம்ஐ210. அமெரிக்காவின் ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டரில் இருக்கும் எம்ஐ250எக்ஸுக்கு இது தம்பி முறை. கம்பைலருக்கு இரண்டுமே ஜிஎஃப்எக்ஸ்90ஏ என்ற ஒரே இலக்கு (எந்த சிப்புக்கு எழுதுவது என்று சொல்லும் பெயர்). அத்தனை பேர் அதில் ஓட்டுகிறார்கள், நமக்கென்ன என்று ஒரு தைரியம்.

கூடா நிரலை ஹிப்புக்கு மாற்றும் கருவியான ஹிப்பிஃபை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெர்ல் வடிவம் வெறும் சொல் மாற்றி. கிளாங் வடிவம் நிரலைப் புரிந்துகொண்டு மாற்றும், ஆனால் அதற்கு கூடாவும் நிறுவியிருக்க வேண்டும். நான் பெர்லையே எடுத்தேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரே ஓர் இடத்தில் கம்பைலர் முரண்டு பிடித்தது: யாரோ ஒரு புண்ணியவான், த்ரெட் (ஜிபியுவில் ஓடும் ஒரு தனிக் கணக்கு) தன் லேன் எண்ணை, அதாவது கூட்டத்தில் தன் இட எண்ணை, தெரிந்துகொள்ள என்விடியாவின் பிடிஎக்ஸ் அசெம்பிளியை நடுவில் சொருகி வைத்திருந்தார். ஹிப்பில் அதற்கு ஃபங்ஷனே இருக்கிறது. மாற்றினேன்.

இன்னொன்றும் செய்தேன். சேர்ந்தே ஓடும் த்ரெட் கூட்டத்துக்கு வார்ப் என்று பெயர். அதற்குள் வாக்கெடுக்கும் பேலட், மதிப்பைக் கைமாற்றும் ஷஃபிள் போன்ற வார்ப் ஃபங்ஷன்களுக்கு, ‘சிங்க்’ என்று முடியும் வடிவங்கள் 2017-ல் கூடா 9-உடன் வந்தன. மையத்தில் நிறுவியிருந்த பழைய ராக்-எம்மில் (ஏஎம்டியின் ஜிபியு மென்பொருள் தொகுப்பு) அவை கிடையாது. முதலில் வரும், எந்த த்ரெட்கள் பங்கெடுக்கின்றன என்று சொல்லும் 32 பிட் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, பழைய பெயருக்குத் திருப்பிவிடும் மேக்ரோ ஒன்று எழுதினேன். நாலே வரி. அந்த நாலு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் வரிசை நீளம் என்பதால் வீட்டிலேயே சோதித்துவிடலாம் என்று பார்த்தேன். தம்பி கேம் விளையாட ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி இருந்தது. அது ஜிஎஃப்எக்ஸ்1031, ராக்-எம்மின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாதது. என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்றில் 10.3.0 என்று கொடுத்தால், தான் ஜிஎஃப்எக்ஸ்1030 என்று நம்பிக்கொண்டு ஓடும். பலருக்கும் தெரிந்த தில்லுமுல்லுதான். 46 சோதனைகளும் பாஸ். அன்று ராத்திரி அண்ணாவுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பினேன். இன்றைக்கும் அதைக் காட்டிச் சிரிக்கிறார்.

மையத்தில் முதல் ஓட்டம். இரண்டு நாள் வரிசையில் நின்று, ஓடத் தொடங்கிய மூன்றாவது விநாடியில் செத்தது. இந்த ஜிபியுவுக்கான பைனரி இல்லையாம்.

என்விடியா பக்கம் வளர்ந்தவர்கள் எல்லாரும் விழும் குழி இது. அங்கே பிடிஎக்ஸ் என்ற கற்பனை இயந்திரத்தின் மொழியையே பைனரிக்குள் வைத்துவிடலாம். நாளைக்குப் புதுக் கார்டு வந்தாலும், ஓடும் நேரத்தில் டிரைவர் அதைக் கார்டின் சொந்த மொழிக்கு மாற்றிக்கொள்ளும். கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மில், என்விடியாவுக்கு எழுதும் என்விபிடிஎக்ஸ் பேக்எண்ட்கூட (கம்பைலரின் கடைசிக் கட்டம்) பிடிஎக்ஸ் வரை எழுதிவிட்டுக் கை கழுவிவிடும். எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன, வேகமான சேமிப்பிடம்) உட்காரும் என்பது அதற்குப் பின்னால் வரும் அசெம்பிளரின் பாடு. ஏஎம்டிக்கான ஏஎம்டிஜிபியு பேக்எண்ட் அப்படி நடுவழியில் நிற்காது. ஒரு குறிப்பிட்ட சிப்பின் இயந்திர மொழி வரைக்கும் தானே போய்விடும். ஜிஎஃப்எக்ஸ்1030-க்கு எழுதியதை ஜிஎஃப்எக்ஸ்90ஏ திரும்பிக்கூடப் பார்க்காது. என் மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் இருக்கும் கோப்பு) வீட்டுக் கார்டின் பெயர் அப்படியே இருந்தது.

சரி, பெயரே வேண்டாம், கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று அந்த வரியை அழித்தேன். இது முதலாவதைவிடப் பெரிய முட்டாள்தனம். நான் கம்பைல் செய்தது லாகின் நோடில், அதாவது மையத்துக்குள் நுழையும் வாசல் கணினியில். அங்கே ஜிபியுவே கிடையாது. கார்டு எதுவும் கண்ணில் படாவிட்டால் கம்பைலர் தனக்குப் பிடித்த பழைய பெயரான ஜிஎஃப்எக்ஸ்906-ஐ எடுத்துக்கொள்ளும். மறுபடி இரண்டு நாள் வரிசை, மறுபடி மூன்று விநாடி. இலக்கின் பெயரைக் கையால் எழுதிவிடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டுமானால் எல்லாவற்றையும் எழுதுங்கள். பைனரி கொஞ்சம் பெருக்கும், போகட்டும்.

நடுவில் மையத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதியிருந்தேன். ‘சரியான மாட்யூலை லோட் செய்தீர்களா?’ என்று பதில் வந்தது. மாட்யூல் என்றால் அங்கே நிறுவியிருக்கும் மென்பொருள் தொகுப்பு. செய்தேன் என்றேன். நான்கு நாள் கழித்து வேறொருவர், ‘சரியான மாட்யூலை லோட் செய்தீர்களா?’ மூன்றாவது ஆள் என் டிக்கெட்டையே மூடிவிட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பயனர் மாட்யூல் லோட் செய்யவில்லை’. இதற்குமேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மூன்றாவது ஓட்டம் முடிவு வரை போனது. ஆற்றல் வரைபடத்தைப் பார்த்தால், பெட்டிக்குள் இருந்த துகள்களில் பாதி ஒன்றையொன்று தெரியாதவை போல நடந்துகொண்டிருந்தன. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை. இப்படிப்பட்ட தப்புதான் ஆளைக் கொல்லும்.

சின்ன உதாரணம் செய்து பார்த்தேன். 32 துகள்: சரி. 64 துகள்: தப்பு. அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை. மெமரி பிரச்சினை என்று நினைத்து ஒரு வாரம் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, 64-ல் முதல் 32 துகளைத் தூரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, பின் 32-ஐ மட்டும் நெருக்கி வைத்தேன். அண்டைத் துகள்களின் எண்ணிக்கை: பூஜ்யம்.

என்விடியாவின் வார்ப் என்றால் 32 த்ரெட். எம்ஐ210-ல் அதே கூட்டத்துக்குப் பெயர் வேவ்ஃப்ரண்ட், அதில் 64. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பாடத்தில் படித்தது, இன்டர்வியூவில் சொன்னது. ஆனால் எங்கள் நிரலுக்குத் தெரியாது. அண்டைப் பட்டியல் கட்டும் கர்னல் (ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷன்), எந்தெந்த த்ரெட்டுக்கு அண்டை கிடைத்தது என்று பேலட் வைத்து வாக்கு எடுக்கும். ஹிப்பில் பேலட் தருவது 64 பிட் எண். எங்கள் நிரல் அதை 32 பிட் பெட்டியில் போட்டது. மேல் பாதி வாக்குகள் எண்ணப்படாமலேயே போயின. அதோடு நிற்கவில்லை. பட்டியலில் எங்கிருந்து எழுதுவது என்ற தொடக்க எண்ணை ஒவ்வொரு வார்ப்பின் தலைவனும் (32-க்கு ஒரு லேன்) வாங்கி, ஷஃபிள் மூலம் மற்றவர்களுக்குச் சொல்லும். இங்கே 64 பேருக்கும் பூஜ்யமாவது லேனின் எண்ணே போனது. 32-ஆவது லேன் தனக்கென்று வாங்கிய இடம் காலியாகக் கிடக்க, இரண்டு பாதியும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், கூட்டுத்தொகை எடுக்கும் கர்னலிலும் அதே 32 இருந்தது. அது சரியாகவே வந்தது. 16, 8, 4, 2, 1 என்று ஷஃபிள் செய்யும்போது பூஜ்யமாவது லேன் 31-ஐத் தாண்டிப் போவதில்லை, 32-ஆவது லேன் 63-ஐத் தாண்டுவதில்லை. அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம்தான் என்னை ஒரு வாரம் தவறான திசையில் அலையவிட்டது.

வீட்டில் ஏன் பாஸ் ஆனது? தம்பியின் கார்டு ஆர்டிஎன்ஏ, ஏஎம்டியின் கேம் கார்டுக் குடும்பம். அதற்கு 32, 64 இரண்டிலும் ஓடத் தெரியும். கம்பைலர் வழக்கமாக எடுப்பது 32. கம்பெனி ஒன்று, கம்பைலர் ஒன்று, பேக்எண்டும் ஒன்று. அகலம் மட்டும் வேறு. கூடா நட்பு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் கிளாங்கில் 64-லிருந்து 32-க்குச் சுருங்குவதை எச்சரிக்கும் வார்னிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான வார்னிங்குகளைக் கேட்கும் ‘வால்’ ஃபிளாக்கைக் கொடுத்தால் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும். போட்டதும் என் நிரலில் பதினேழு இடம் கத்தியது. ராக்-எம்மின் புதிய பதிப்புகளில் ‘சிங்க்’ ஃபங்ஷன்கள் வந்துவிட்டன; 32 பிட் மாஸ்க் கொடுத்தால் கம்பைலே ஆகாது. என் நாலு வரி மேக்ரோ அழித்தது அந்தக் காவலைத்தான்.

விடை சரியானதும் வேகம் பார்த்தேன். விசை கணக்கிடும் கர்னல் நத்தையாக ஊர்ந்தது. கம்பைலரிடம் ஒவ்வொரு கர்னலின் வளக் கணக்கைக் கேட்கும் ஆர்பாஸ் ஆப்ஷன் ஒன்று உண்டு. ரெஜிஸ்டர் எத்தனை, ஸ்க்ராட்ச் எத்தனை பைட் என்று வரிவரியாகச் சொல்லும். ஸ்க்ராட்ச் பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு இருநூற்றுச் சொச்சம். அதாவது ரெஜிஸ்டர் போதாமல் மதிப்புகளை மெமரிக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் லாஞ்ச் பவுண்ட்ஸ், அதாவது கர்னலை எந்த அளவில் ஓட்டப் போகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு. நிரலில் (64, 8) என்று இருந்தது. கூடாவில் இரண்டாவது எண்ணின் பொருள், ஒரு மல்டிபிராசஸரில் (என்விடியா சிப்பின் ஒரு கணக்கிடும் பகுதி) குறைந்தது எத்தனை பிளாக் (த்ரெட் தொகுதி) என்பது. 64 த்ரெட் பிளாக் எட்டு என்றால் 512 த்ரெட். 65,536 ரெஜிஸ்டரை வகுத்தால் ஆளுக்கு 128. ஹிப்பில் அதே இடத்தில் உட்காரும் எண்ணின் பொருள், ஒரு எக்ஸிகியூஷன் யூனிட்டில் (ஏஎம்டி சிப்பின் ஒரு கணக்கிடும் பகுதி) குறைந்தது எத்தனை வேவ் (வேவ்ஃப்ரண்ட்) என்பது. ஜிஎஃப்எக்ஸ்90ஏ-யில் லேனுக்கு 512 ரெஜிஸ்டர்; எட்டு வேவ் என்றால் ஆளுக்கு 64. கர்னலுக்குத் தேவை நூறுக்கு மேல். எழுத்து அதே, இலக்கணம் அதே, அர்த்தம் மட்டும் வேறு. ஹிப்பிஃபை இதைத் தொடாது, கம்பைலரும் வாய் திறக்காது. வீட்டுக் கார்டில் 1,024-ஐ எட்டால் வகுத்தால் 128 வருகிறது. அங்கே இதுவும் தெரிந்திருக்காது. கமாவையும் எட்டையும் அழித்தேன். ஓடும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. அன்று தம்பிக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதமாகக் கேம் விளையாடாமல் இருந்தானே.

சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் வேகம் பார்க்கலாம் என்று கை அரித்தது. ஃப்ளோட் (தசம எண்) அட்டாமிக் கூட்டலை, அதாவது பல த்ரெட் ஒரே எண்ணில் மோதாமல் கூட்டுவதை, கம்பைலர் கம்பேர்-ஸ்வாப் சுழலாக எழுதியிருந்தது. ஹார்ட்வேர் கட்டளையையே எழுது என்று சொல்ல ஒரு ஃபிளாக் உண்டு. அதன் பெயரிலேயே ‘அன்சேஃப்’ இருக்கிறது. படித்துவிட்டுத்தான் போட்டேன். மொத்த ஆற்றல் பூஜ்யம் என்று வந்தது. அந்த ஒரு ஃப்ளோட்டை மட்டும் ஹோஸ்ட் (சிபியு) பக்கத்து ஃபைன்-கிரெய்ன் மெமரியில், அதாவது சிபியுவும் கார்டும் பகிர்ந்து பார்க்கும் மெமரியில், வைத்திருந்தோம்; எம்ஐ200 வரிசையில் அப்படிப்பட்ட மெமரியில் இந்தக் கட்டளை சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாமல் போய்விடும். மாறியைக் கார்டின் சொந்த மெமரிக்கு மாற்றினேன், சரியானது.

கடைசி இலக்கங்கள் மட்டும் பழைய என்விடியா விடையோடு ஒட்டவில்லை. பெருக்கலையும் கூட்டலையும் எங்கே ஒன்றாக இணைப்பது என்று இரண்டு கம்பைலரும் தனித்தனியாக முடிவெடுக்கின்றன, அட்டாமிக் வரிசையும் மாறும். எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று அண்ணாவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும், எந்த நிறுவனக் கார்டிலும் ஓடும்படி எழுத உதவும் கோக்கோஸிலோ சிக்கிலிலோ எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வாருங்கள், 11,000 வரி காத்திருக்கிறது.

மார்ச் 31 மாலை பெரிய ஓட்டத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அண்ணாவின் போன்.

“என்னம்மா, லாக் ஃபைல் பேர் மார்ச் 32-ன்னு இருக்கு? ஏப்ரல் ஃபூல் பண்றியா?”

32 எல்லாவற்றையும் மேக்ஃபைலில் கார்டுக்கு ஏற்ப வரும் மாறிலியாக மாற்றியபோது, 31 எல்லாவற்றையும் ‘அந்த மாறிலி கழித்தல் ஒன்று’ என்று செட் என்ற தேடி-மாற்றும் கட்டளை போட்டு மொத்தமாக மாற்றியிருந்தேன். நள்ளிரவு தாண்டினால் தேதியைத் தானே நகர்த்தும் பழைய ஃபங்ஷன் ஒன்று எங்கள் நிரலில் உண்டு. அதில் மாதத்துக்கு எத்தனை நாள் என்ற பட்டியலும் உண்டு. எம்ஐ210-ல் மார்ச்சுக்கு 63 நாள். தம்பியின் கார்டுக்குக் கம்பைல் செய்திருந்தால் 32 கழித்தல் 1, அச்சுப் பிசகாமல் 31.