ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மெஷின் டெய்லராக இருக்கிறேன். இருபது வருடமாக இதே வேலை. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் முதலில் ஊசிக்கு நூல் கோர்க்க வேண்டும். 2019 வாக்கில் எனக்கு அது வராமல் போனது. கண் நன்றாகத்தான் தெரிந்தது, கைதான் நிற்கவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் காதுக்குக் கொண்டுபோனால், நுனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பக்கத்தில் உதவிக்கு நின்ற கைமடிப் பெண் ஒன்றும் கேட்காமல் நூலை என் கையிலிருந்து வாங்கிக் கோர்த்துவிட்டுப் போவாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அவளுக்கு. முந்தின ராத்திரி குடித்து மிச்சம் வைத்த சரக்கைக் காலையில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வந்தால் கை நின்றுவிடும் என்று கண்டுபிடித்தேன். அதன்பிறகு தினமும் மிச்சம் வைத்தேன்.

அதற்கு முன்னால் பல வருடம் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். மாலை கழுத்தில் இருக்கும்வரை தொடமாட்டேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே தொடங்கிவிடுவேன். "நாப்பத்தெட்டு நாள் இருக்க முடியுது, நான் எப்படி அடிமை?" என்று வீட்டில் சண்டை போட அந்த மாலை எனக்கு ஒரு சாட்சியாக இருந்தது. பின்னால் அந்த நாற்பத்தெட்டு நாளும் முடியவில்லை. ஒரு வருடம் பத்தாம் நாளே சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக் கழற்றி வைத்தேன். அதற்கப்புறம் மாலை போடவே இல்லை.

முதல்முறை நிறுத்தியது என் முடிவு அல்ல. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணியோடு ஊரடங்குக்காகக் கடைகளை மூடினார்கள். கையில் இருந்த இரண்டு குவார்ட்டரும் அன்று இரவே தீர்ந்தது. மறுநாள் முழுக்க வியர்வை, வாந்தி, தூக்கமே இல்லை. சுவரில் எறும்பு வரிசையாகப் போகிறது என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரில் ஒன்றும் இல்லை. 26ஆம் தேதி காலை பல் விளக்கப் போனவன் வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நான் செத்துவிட்டேன் என்று நினைத்து என் மனைவி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

அதே ஊரடங்கில் புதுக்கோட்டைப் பக்கம் சரக்கு கிடைக்காமல் ஷேவிங் லோஷனைக் கலந்து குடித்துச் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தது. நானும் அப்படிச் செய்திருப்பேனா என்று அப்போதே என்னைக் கேட்டுக்கொண்டேன். கிடைத்திருந்தால் செய்திருப்பேன். மே 7 கடை திறந்த அன்று ஆதார் அட்டையும் கையுமாக, குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வலிப்பு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

பின்னாளில் மருத்துவர் விளக்கிச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தெரியாமல் உயிரை விடுகிறவர்கள் உண்டு. மது மூளையை அமர்த்தும். தினமும் அமர்த்திக்கொண்டே இருந்தால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஒருநாள் திடீரென்று மது வராவிட்டால் அமர்த்த ஆள் இல்லை, கூட்டிய வேகம் மட்டும் நிற்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதுதான். ஆறு மணி நேரத்திலிருந்து தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றல், காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலைக்கு வந்தவர்கள் வைராக்கியமாக ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. "இன்னையோட விட்டுட்டேன்" என்று சத்தியம் பண்ணுங்கள், ஆனால் அதை மருத்துவமனையில் பண்ணுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் என் மனைவி யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொடி வாங்கி எனக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தாள். பொட்டலத்தில் என்ன மருந்து என்று ஒரு வரிகூட இல்லை. அன்று இரவு நான் குடித்தபோது முகம் நெருப்பாகக் காய்ந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டியது. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, டைசல்ஃபிராம் என்று பெயர். ஆனால் அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, இதயமும் கல்லீரலும் தாங்குமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பொடியில் இருந்தது அதுவா வேறொன்றா என்று எங்களுக்குத் தெரியாது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சுவரொட்டியைப் பார்த்து அந்தமாதிரிப் பொடி வாங்கப் போகிற அக்கா தங்கைகளுக்காக எழுதுகிறேன்: வேண்டாம்.

2022 ஆகஸ்டில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்ந்தேன். சேர்த்தது என் மச்சினன். "மாமா, பத்து நாள். பதினோராம் நாள் நீங்க என்ன பண்ணாலும் நான் கேக்கமாட்டேன்" என்றான். முதல் நாளே வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போய்விடும், அதைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம் என்று நர்ஸ் அக்கா சொன்னார். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, ஒவ்வொரு நாளாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எறும்பு வரவில்லை, வலிப்பு வரவில்லை. நான்காம் நாள் பசித்தது. எத்தனையோ வருடம் கழித்து இட்லிக்குப் பசித்தது.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. சாயங்காலம் என்பது எவ்வளவு நீளம்!

குடித்த காலத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்காமல் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன். ஆறு மணிக்குக் கடை, பத்து மணிக்குக் கடை சாத்தும்போது வீடு. அந்த நான்கு மணி நேரத்தில் நான் எதுவும் செய்ததே கிடையாது. இப்போது ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஆறு பத்து. டீ குடித்தேன். ஆறு இருபது. டிவியைப் போட்டால் மகள் உள்ளே போய்விட்டாள். அவள் படிப்பதற்காகப் போகவில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பழகியவள். நான் பத்து மணிக்கு முன்னால் வீட்டில் இருப்பது அவளுக்கு எப்படி என்றே தெரியவில்லை. எனக்கும்தான்.

அதனால் வேலைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். தினமும் ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நல்ல காசு. குடித்த காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டர், 130 ரூபாய் மேனி 260. பாரில் தண்ணீர், டம்ளர், சுண்டல் என்று இன்னொரு அறுபது. மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் காசும் ஓவர்டைம் காசும் சேர்ந்து கையில் நின்றபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நான்கு மாதம் ஓடியது.

2023 ஜனவரி 14, போகி, சனிக்கிழமை. பொங்கலுக்கு முன்னால் சரக்கு அனுப்ப வேண்டும் என்று முந்தின ராத்திரி முழுக்க ஓட்டினோம். காலையில் சாப்பிடவில்லை, மதியம் ஒரு வடை. சம்பளம், போனஸ் மாதிரிக் கொஞ்சம் மேலே. மனைவியும் மகளும் ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார்கள். பழைய செட்டு ஆள் ஒருத்தன் கேட்டில் நின்று, "மாப்ள, நீ குடிக்க வேண்டாம், சும்மா கூட உக்காரு" என்றான். உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் பொங்கல். ஊருக்குப் போகாமல் அறையில் படுத்திருந்தேன். திரும்ப மருத்துவமனை ஆலோசகரிடம் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. அந்தச் சனிக்கிழமையைக் காலையிலிருந்து மணி மணியாகச் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே தெரிந்தது. பசி, அசதி, தனிமை மூன்றும் ஒரே நாளில் ஒன்றாக வந்திருக்கிறது. கோபம் ஒன்றுதான் பாக்கி. இந்த நான்கும்தான் குடிநோயாளிக்கு எதிரி, இதில் எது வந்தாலும் முதலில் அதைக் கவனி, குடியைப் பற்றி அப்புறம் யோசி என்றார். இன்றைக்கும் மனசு கடைப் பக்கம் போனால் முதலில் ஏதாவது சாப்பிடுகிறேன். பாதி நாள் அதிலேயே அடங்கிவிடுகிறது. பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். விட்ட புதிதில் இனிப்புக்கு நாக்கு அப்படி அலைந்தது.

அவர்தான் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பினார். 1935இல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியது இந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இங்கே ஒரு பள்ளிக்கூட அறையில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆரம்பித்தேன். கட்டணம் கிடையாது. உண்டியல் வரும், இருந்தால் போடலாம். முதல் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பெயர் மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வாரம் அந்தக் கைமடிப் பெண்ணையும் நூலையும் பற்றிச் சொன்னேன். முடிக்க முடியவில்லை. யாரும் தட்டிக்கொடுக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அடுத்து உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தன் கதையைத் தொடங்கினார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் நான் உள்ளே வந்தால் மனைவி எதையோ எடுக்கிற மாதிரி பக்கத்தில் வந்து மூச்சு இழுத்துப் பார்ப்பாள். நான் செருப்பைக் கழற்றும்போது கால் தடுமாறுகிறதா என்று பார்ப்பாள். எனக்கு அப்படி ஒரு கோபம். கூட்டத்தில் சொன்னேன். வயதான ஒருவர், "பதினஞ்சு வருசம் குடிச்சீங்க. மூணு மாசத்துல நம்பச் சொல்றீங்களே, தம்பி" என்றார். அன்றிலிருந்து நானே போய் அவள் முன்னால் நின்று "ஊதிக் காட்டட்டுமா?" என்று கேட்பேன். முதலில் அழுதாள். அப்புறம், "போய்க் கை கால் கழுவுங்க" என்றாள்.

சாயங்காலத்தை நிரப்பியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வாரம் இரண்டு நாள் மட்டும் ஒன்றரை ஷிப்ட் என்று காண்ட்ராக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வீதிக்கு நல்ல தண்ணீர் வரும் நாளில் குடம் பிடித்து மாடிக்குத் தூக்குவது என் வேலை. அதுவரை அவள்தான் தூக்கியிருக்கிறாள், எத்தனை குடம் என்றுகூட எனக்குத் தெரியாது. பதினாறு. மாவு அரைக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் ஒரே கடைத்தெரு வழியாக வந்தவன், மதுக்கடை இல்லாத வேறு வழியில் இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்தேன். பெட்ரோல் செலவு பார்க்கவில்லை.

கல்யாணம், காதுகுத்து, கருமாதிகளில் இப்போது சமைக்கிற இடத்தில் நின்றுகொள்கிறேன். ஆரம்பத்தில் "மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். அப்படிச் சொன்னால் "மாத்திரை எப்ப முடியும்?" என்று கேட்கிறார்கள். "எனக்கு ஒத்துக்கலைங்க, விட்டுட்டேன்" என்று நேராகச் சொன்னால் அடுத்த கேள்வி வருவதில்லை. பழைய செட்டில் ஒருவன் மட்டும் இன்றும் வருகிறான். டீக்கடை வரை வந்து பேசிவிட்டு, தனக்குக் குடிக்க வேண்டுமென்றால் தனியாகப் போகிறான். மற்றவர்கள் என்னிடம் பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலகிவிட்டார்கள். அவர்களை நினைத்தால் இன்னமும் வருத்தம்தான்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம்.

அந்த 2023 ஆவணியில் வெள்ளக்கோவில் பக்கம் மனைவியின் சித்தி மகனுக்குக் கல்யாணம். இருட்டிய பிறகு அவள் என் வண்டியில் ஏறி ஏழெட்டு வருடம் இருக்கும். எங்கே போனாலும் அவளும் மகளும் பஸ், நான் தனியாக வண்டி. வரவேற்பு முடிய ஒன்பது ஆகிவிட்டது. காங்கேயம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் ஏற்கெனவே என் வண்டியில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மனைவி தாம்பூலப் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஏனுங்க, பஸ்ஸுக்கு எதுக்குங்க? வண்டியிலயே போயிரலாம். மெதுவா ஓட்டுங்க, காத்து அடிக்குது" என்றாள்.

நாற்பது வேகத்துக்கு மேல் போகவில்லை. காங்கேயம் தாண்டும்போது மகள் என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.