குவாலியர் சதுர்புஜர் சன்னிதியில் சுழியம்

குவாலியர் கோட்டைக்குக் காரில் போகிறவர்கள் மேற்கே உர்வாய் வாசல் வழியாக நேரே மேலே ஏறிவிடுவார்கள்; வழியில் சதுர்புஜரைப் பார்க்க முடியாது. அவரைச் சேவிக்க வேண்டுமானால் கிழக்குப் பக்கம் ஊருக்குள் இறங்கி, செங்குத்தான பாதையில் நடந்து ஏற வேண்டும். லட்சுமண் வாசலுக்கும் ஹாத்தி போல் வாசலுக்கும் நடுவே, பாதையோரப் பாறையிலேயே குடைந்த பெருமாள் கோயில். பக்கத்துக்குச் சுமார் 12 அடிதான். மேலே இருக்கும் சாஸ்-பஹு கோயிலின் நினைப்போடு நடந்தால் இதைத் தாண்டிப் போய்விடுவோம். கதவு சில நேரம் பூட்டியிருக்கும். அங்குள்ள காவலரிடம் கேளுங்கள்.

பிரதிஹார மன்னர் போஜரின் கீழ் கோட்டைக் காவல் பார்த்த அல்லன் என்பவர் 875இல் எடுப்பித்து, தன் தந்தை வைல்லபட்டரின் பெயரைப் பெருமாளுக்கு வைத்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு வாசலுக்கு மேலே இருக்கிறது. இந்தக் கோயிலில் பார்க்க வேண்டியது கல்லில் வெட்டிய பழைய வட்டச் சுழியம்; பலர் அது இந்தக் கல்வெட்டில்தான் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தேட வேண்டியது உள்ளே, சுவரில் உள்ள இன்னொரு கல்வெட்டை. அதன் காலம் விக்ரம ஆண்டு 933, அதாவது கி.பி. 876.

டார்ச்சை நேருக்கு நேர் அடித்தால் எழுத்து மங்கிவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் நிழல் விழுந்து தெளியும். விபூதி, சுண்ணாம்பு எதையும் பூசிப் பார்க்காதீர்கள். பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் போகாது. முதல் வரியில் 933, நான்காவது வரியில் 270. இந்தி எண்கள் பழகிய கண்ணுக்கு 2, 7 பிடிபட்டுவிடும். பக்கத்தில் அவற்றைவிடச் சிறியதாக ஒரு வட்டம்.

எதற்காக 270? நந்தவனத்துக்காக. அதற்காக ஊரார் விட்ட நிலம் நீளம் 270, அகலம் 187 'பரமேஸ்வரீய ஹஸ்தம்', அதாவது அரசமுழம். பெருக்கினால் 50,490 சதுர முழம். நம் ஊர்க் கோயில் சுவரில் நிவந்தக் கணக்கு, அதாவது கோயிலுக்கு விட்ட கொடைக் கணக்கு, படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஆனால் பழந்தமிழ் எண் முறையில் 270 என்பது ௨௱௭௰. நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி இருந்ததால் அங்கே சுழியத்துக்கு வேலையே இல்லை. குவாலியரில் இலக்கம் நிற்கும் இடமே மதிப்பைச் சொல்கிறது. வட்டத்தை எடுத்துவிட்டால் நந்தவனம் 27 முழமாகச் சுருங்கிவிடும்.

'உலகின் முதல் சுழியம்' என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். கம்போடியாவின் சம்போர் கல்வெட்டில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, புள்ளிச் சுழியத்தோடு இருக்கிறது. கணித அறிஞர் பிரம்மகுப்தர் சுழியத்துக்குக் கணக்கு விதிகளே எழுதியது 628இல். சூனிய தத்துவத்திலிருந்து சுழியம் பிறந்தது என்பார்கள். இந்தச் சுவரில் தத்துவம் எதுவும் இல்லை. எந்த விளக்கமும் தராமல் பூக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்றால், இந்த எழுத்துமுறை அப்போதே ஊரில் புழங்கியிருக்க வேண்டும்.

270ஐப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் இருபதாவது வரிக்கு இறங்குங்கள். தோட்டக்காரர்கள் தினமும் கொடுக்க வேண்டிய மாலைகள் 50. அங்கேயும் அதே சின்ன வட்டம்.