காரோடு ஃபெர்ரி ஏறுவதற்கு முன்

காரோடு ஃபெர்ரியில் வெளிநாட்டுக்கு விடுமுறை போகிறவர்கள் மூட்டையை இரண்டாகக் கட்ட வேண்டும். காரிலேயே கிடக்கப்போவது ஒன்று, கையோடு மேலே வரப்போவது ஒன்று. கப்பல் கிளம்பியதும் கார் தளத்துக்குப் போகும் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அக்கரை சேரும்வரை திறப்பதில்லை. குழந்தையின் பால் புட்டி டிக்கியில் மாட்டிக்கொண்டது என்று கெஞ்சினாலும் பெரும்பாலும் பலன் இருக்காது.

கெடுபிடிக்குக் காரணம் உண்டு. கார் தளம் என்பது குறுக்குச் சுவர்கள் அநேகமாக இல்லாத நீண்ட கூடம். உள்ளே புகும் தண்ணீர் தடையில்லாமல் ஒரு பக்கமாகத் திரண்டு கப்பலையே சாய்த்துவிடும். 1987-ல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ முன்கதவை மூடாமலே போய்ச் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். 1994-ல் பால்டிக் கடலில் ‘எஸ்டோனியா’ மூழ்கி 852 பேர் இறந்ததற்கும் முன்பக்கக் கதவு உடைந்து கார் தளத்தில் நீர் ஏறியதே தொடக்கம். தவிர, அலையில் லாரி ஒன்று நகர்ந்தால் நடுவில் நிற்பவர் கதி சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கைப்பையில் பாஸ்போர்ட், பணம், மருந்து மாத்திரை, சார்ஜர், ஒரு ஸ்வெட்டர், குழந்தைக்கு வேண்டியது, இரவுப் பயணமென்றால் மாற்றுத்துணியும் பல் துலக்கியும். இந்தப் பையைத் துறைமுக வரிசையில் நிற்கும்போதே தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் பக்கத்துக் காருக்கும் உங்கள் காருக்கும் ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருக்கும், டிக்கியைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

டிக்கெட் போடும்போது ஆட்கள் அதிகம் தவறுவது காரின் அளவில். கம்பெனி கையேட்டில் இருக்கும் உயரத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள். கூரையில் வைத்த பெட்டி, பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்துத்தான் உயரமும் நீளமும். சாமான் ஏற்றிய பிறகு டேப் வைத்து அளந்து போடுங்கள். உயரமான வண்டிகளுக்குத் தனித் தளம். பொய்க்கணக்கு துறைமுகத்தில் தெரிந்தால் கூடுதல் கட்டணம், இடமில்லையென்றால் அடுத்த கப்பல்.

நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் மணிப்படி அச்சிடப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் பிரான்ஸின் மணி இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் காகிதத்தில் இரண்டரை மணி என்று தெரியும், திரும்பும்போது அரை மணி. இதில் குழம்புவது தனி மனிதர்கள் மட்டுமல்ல, போனும்தான். கரையோரத்தில் எதிர்க்கரை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு மணியை மாற்றிக் காட்டும். நடுக்கடலில் இன்னும் மோசம்: கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் போய் ஒட்டிக்கொள்ளும், அது சாதாரண ரோமிங் பேக்கில் சேராது, பில் எகிறும். புறப்பட்டதும் ஃபிளைட் மோடு போட்டுவிடுவது நல்லது.

கார் தளத்தில் ஊழியர் கை காட்டும் இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலை. திருட்டு அலாரத்தில் சாய்வைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருந்தால் பூட்டுமுன் அதை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் அலறி, அக்கரையில் பேட்டரி இறங்கிய கார்தான் மிச்சம். பின்னால் நிற்கும் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். பைக்கில் வருபவர்கள் தரையில் கவனமாக இருக்க வேண்டும், இரும்புத் தளத்தில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து வழுக்கும். முதல் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பட்டை போட்டுக் கட்டுவார்கள். பட்டைக்கும் சீட்டுக்கும் இடையில் வைக்க ஒரு பழைய துணி கொண்டுபோனால் சீட் கிழியாது.

மேலே ஏறுமுன் தள எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். ஐந்து மணி நேரம் கழித்து எல்லாப் படிக்கட்டும் ஒன்றுபோல் இருக்கும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அபாய அறிவிப்பு. அது கேட்டால் போக வேண்டிய இடம் எது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குமட்டல் வரும் உடம்பு என்றால் இடத் தேர்வுதான் பாதி மருந்து. கப்பல் குழந்தைகள் விளையாடும் சீசா பலகைபோல நடுவை வைத்து ஆடுகிறது. முன்னும் பின்னும் அதிகம் தூக்கிப் போடும், மேல் தளங்கள் அதிகம் பக்கவாட்டில் சாயும். நடுப்பகுதியில், எவ்வளவு கீழே கிடைக்கிறதோ அங்கே கேபின் எடுங்கள். காட்சிக்காக முன்பக்க மேல்தளத்துக் கண்ணாடி அறையைப் பிடிப்பவர்கள்தான் முதலில் வாந்திப் பையைத் தேடுவார்கள். விழித்திருக்கும்போது வெளியே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகமும் போனும் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போடுவது வீண். சின்னரிஸின் என்றால் இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மருந்து அது, இறங்கியதும் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவர் டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்காமல் போட வேண்டாம்.

மழைக்குக் கப்பல் அஞ்சுவதில்லை, காற்றுக்குத்தான். அதிலும் அதிவேகக் கட்டமரான்கள் (இரட்டை உடல் கொண்ட கப்பல்கள்) பெரிய ஃபெர்ரிகளுக்கு முன்பே ரத்தாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி, ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ மாற்றுப் பயணம் அல்லது பணம் திரும்பப் பெறுதல், இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நான்கு மணி நேரம் வரையிலான பயணம் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 விழுக்காடு நஷ்டஈடு. மோசமான வானிலைதான் காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, முதலில் சொன்ன தேர்வு மட்டும் அப்போதும் உண்டு. கவுன்டரில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஏமாந்துவிட வேண்டாம்.

இறங்கும்போது அவசரமில்லை. அறிவிப்பு வருமுன் படிக்கட்டில் நிற்பதால் எதுவும் சீக்கிரம் நடக்காது. முன் வண்டி நகரும்வரை என்ஜினைத் தொடாதீர்கள், மூடிய தளத்தில் புகை தங்கும். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது மாறும் நாடென்றால், ஹெட்லைட்டுக்கான ஒட்டு வில்லையைப் புறப்படும் துறைமுக வரிசையிலேயே ஒட்டிவிடுங்கள். லோ பீம் ஓரத்தை நோக்கித் தூக்கியடிக்கும்படி செய்யப்பட்டது, பக்கம் மாறினால் எதிரில் வருபவர் கண்ணில் விழும். இறங்கிய பிறகு நின்று ஒட்ட இடம் கிடைக்காது. துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது யாரும் பக்கம் மாறிப் போவதில்லை, முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். தவறு நடப்பது மறுநாள் விடியற்காலை, பெட்ரோல் பங்கிலிருந்து காலியான சாலைக்குத் திரும்பும்போது.