மூளைத் தூண்டல் ஆய்வில் ஹான்ஸும் இருமல் மருந்தும்

டிஎம்எஸ் (காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது), டிடிசிஎஸ் (மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டுவது) ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கும் படிவங்களில் "போதைப் பழக்கம் உண்டா?" என்று ஒற்றைக் கேள்வி இருக்கும். சென்னையில் அதை நம்பி ஆய்வை நடத்தக் கூடாது. உதட்டுக்கு அடியில் ஹான்ஸ் புகையிலை இருக்கும்போதே "இல்லை" என்று டிக் அடிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குடியும் கஞ்சாவும்தான் போதை என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்? டிஎம்எஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு விசையில் தூண்டுவது என்பதை அவரவர் மோட்டார் த்ரெஷோல்டு தீர்மானிக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புடைக்கும் தசையில் மின்முனை ஒட்டி, 10 தூண்டலில் 5 முறையாவது 50 மைக்ரோவோல்ட் துடிப்பு வரும் மிகக் குறைந்த விசையைத் தேடுகிறோம். அது கருவியின் முழு விசையில் 50% என்றால், 120 சதவீதச் சிகிச்சை விசை 60. ஏதோ ஒரு பொருளால் த்ரெஷோல்டு 55க்கு ஏறினால் விசை 66. கையை அசைக்கும் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) நடந்த மாற்றம், சிகிச்சைக்குத் தூண்டும் நெற்றிப் பக்கப் புறணியிலும் அதே அளவு நடந்திருக்க வேண்டியதில்லை. காகிதத்தில் இரண்டுமே "120%" என்றுதான் இருக்கும்.

அதிகம் சறுக்குவது நிக்கோட்டினில்தான். புகைப்பவரை நிக்கோட்டின் இல்லாமல் வைத்து ஆனோடல் டிடிசிஎஸ் (நேர்மின்முனையால் தூண்டுவது) கொடுத்தால், வழக்கமாக வரும் தூண்டல் விளைவு வருவதில்லை; நிக்கோட்டின் பேட்ச் ஒட்டினால் திரும்ப வருகிறது. புகைக்காதவரிடமோ தலைகீழ்: பேட்ச் ஒட்டினால் இருந்த விளைவும் போய்விடுகிறது. ஆகவே, "காலையிலிருந்து தம் அடிக்காமல் வாங்க" என்று சொல்வதும் ஒரு தலையீடுதான். கடைசியாக எப்போது என்று நேரம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வருகையிலும் அதே இடைவெளியைக் காப்பாற்றுவதே சரி. மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி இங்கே பாதி உதவிதான். அது புகையை மட்டும் காட்டும். மாவா, கூல் லிப் போன்ற புகையில்லாப் புகையிலை போடுபவருக்குச் சுத்தமாக வரும். எச்சிலிலோ சிறுநீரிலோ கோட்டினின் (உடலில் நிக்கோட்டின் மாறி உருவாகும் பொருள்) பார்க்க வேண்டும்.

மது உள்ளே இருக்கும்போது புறணியின் தடுப்பு வலுக்கிறது, தூண்டலுக்குப் பிறகு தசை சிறிது அடங்கிக் கிடக்கும் மௌன நேரம் நீள்கிறது. நிறுத்தினால் வேறு ஆபத்து: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். ஆய்வுக்காக அவரை நிறுத்தச் சொல்லவே கூடாது. கை நடுக்கமும் வியர்வையும் தெரிந்தால் காயிலை (தூண்டும் கம்பிச்சுருளை) தலையில் வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மாத்திரைகள்தான் கண்ணில் படாமல் நழுவுபவை. வலி மாத்திரையான டிராமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துகிறது, அதாவது வலிப்பை எளிதாக்குகிறது. ஆனால் மார்ஃபினைத் தேடும் சாதாரண ஓபியேட் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் டிராமடாலும் தெரியாது, இன்னொரு வலி மாத்திரையான டபென்டடாலும் தெரியாது. தனிப் பட்டை வாங்க வேண்டும். கஞ்சாவில் சிக்கல் வேறு விதம். தினமும் இழுத்தவருக்கு விட்ட பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவ் வரும். இன்றைக்கு மூளையில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பட்டை சொல்லாது.

இருமல் மருந்தை யாரும் கேட்பதே இல்லை. பல இருமல் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், நரம்பணு இணைப்புகள் வலுப்பட உதவும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கும். 150 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் டிடிசிஎஸ்ஸின் பின்விளைவே காணாமல் போனது. 5 மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 100 மில்லி பாட்டிலைக் காலி செய்பவருக்கு 200 மில்லிகிராம் போய்விடும். சளிக்கு இரண்டு ஸ்பூன் குடித்தவர் அந்த அளவை எட்டமாட்டார். இருந்தாலும் எழுதி வையுங்கள்.

கேள்வியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஹான்ஸ், மாவா, பீடி, சரக்கு, கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் சிரப், ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது, எவ்வளவு. கூட வந்த அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பதில் பெயரோடு அல்ல, குறியீட்டு எண்ணோடு மட்டும் பதிவாகும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். உண்மையைச் சொன்னதால் அன்றைக்குத் திரும்ப அனுப்ப நேர்ந்தாலும் பஸ் காசையும் அன்றைய தொகையையும் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், அடுத்த முறை அவரும் அவருடைய நண்பர்களும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொல்வார்கள்.