வகுப்பறைக்கு முந்தைய பத்து வாரங்கள்

படிப்பை நிறுத்தி 14 ஆண்டுகள் கழித்து, வேலையை விடாமலேயே ஒளிப்படக் கலையில் பகுதிநேரப் பட்டயப் படிப்பில் சேரலாம் என்று முடிவெடுத்தேன். விண்ணப்பத்துடன் கேட்கப்பட்டவற்றுள் என்னை அச்சுறுத்தியது ஒன்றுதான்: ஒரே பொருளைச் சுற்றி எடுத்த 15 படங்கள். பழைய மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுப்பதும், வாரத்தில் மூன்று நாள் மாலையில் முன்னதாகக் கிளம்ப அலுவலகத்தில் ஒப்புதல் பெறுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. படங்களைக் கொடுக்க இன்னும் 10 வாரங்கள் இருந்தன. என்னிடம் இருந்தவை எல்லாம் விடுமுறைப் பயணங்களில் எடுத்த மலையும் கடலும்தான். அவற்றைப் பார்க்கும் எவருக்கும் நான் எந்த வெளிச்சத்தில் எழுந்து, எந்தத் தெருவில் நடந்து, எப்படி நாளைக் கழிக்கிறேன் என்பது விளங்கியிருக்காது.

ஆகவே, தினமும் கடந்து செல்லும் ஒரு நாற்சந்தியையே பொருளாக எடுத்துக்கொண்டேன். காலையில் வழக்கத்தைவிட ஒரு பேருந்து முன்னதாக ஏறி, இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே இறங்கிவிட்டால், 6.15 முதல் 7 மணி வரை அந்தச் சந்திப்பு எனக்குக் கிடைக்கும். ஒரு கேமரா, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, இவை தவிர வேறெதுவும் எடுத்துச் செல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். எந்த லென்ஸைப் பொருத்துவது என்று யோசிக்கும் நேரத்தில் தெருவில் நிகழ வேண்டியது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்பது முந்தைய அனுபவத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் வாரத்துப் படங்களில் பெரும்பாலானவை கலங்கியிருந்தன. நின்று பேசுபவர்கள் தெளிவாக விழுந்திருந்தார்கள். நடப்பவர்களின் கால்கள் கரைந்திருந்தன. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டிருந்ததால், விடியற்காலைக் குறைந்த ஒளியில் அது ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்து மூடும் வேகத்தை, நொடியில் 60இல் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டிருந்தது. நடக்கும் மனிதரை உறையவைக்க 250இல் ஒரு பங்காவது வேண்டும். அதன்பின் நானே அளவுகளை வைக்கத் தொடங்கினேன்: வெளிச்சம் பரவும்வரை ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) 1600 அல்லது 3200, லென்ஸின் துளை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), குவியம் 3 மீட்டரில் நிலைத்தது. முழுச்சட்டகக் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவே உணரி கொண்டது), 35 மில்லிமீட்டர் லென்ஸில் இப்படி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். குவியத்தைத் தேட வேண்டியதில்லை. எனக்கும் எதிரில் வருபவருக்கும் இடையிலான தூரத்தைக் கண்ணால் அளந்தால் போதும். மூன்று மீட்டர் என்பது எத்தனை எட்டு என்பதை வீட்டுக் கூடத்தில் அளவுநாடாவை விரித்துப் பல முறை நடந்து பழகினேன். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு: தெருவில் படம் எடுக்கத் தயங்குபவர்கள் பலர் மனிதர்களைக் கண்டு தயங்குவதாக நினைக்கிறார்கள், என் தயக்கத்தில் பாதியாவது கையிலிருந்த கருவியைப் பற்றிய நிச்சயமின்மைதான். கை பழகியதும் அது விலகியது.

நாற்சந்தியின் கிழக்கு மூலையில் ஓர் அலுவலகக் கட்டடம் இருக்கிறது. அதன் இரவுக் காவலாளி பணி முடியும் முன் வாசற்படியில் வந்து அமர்வார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பு நெற்றியில் பதித்திருந்த சிவந்த கோட்டைக் கட்டைவிரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் தேய்த்துவிடுவார். ஒவ்வொரு நாளும் அதே வரிசை: தொப்பி, நெற்றி, பிறகு காலணி நாடாவைத் தளர்த்துவது. இரண்டாம் வாரத்தில் அவரிடம் சென்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எதற்காக எடுக்கிறேன் என்பதைச் சொல்லி, அதுவரை எடுத்திருந்த படங்களைக் கேமராத் திரையில் காட்டினேன். கண் மூடியிருந்த ஒரு படம் வேண்டாம் என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தேன். பொது இடத்தில் படம் எடுப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால், தினமும் முகம் பார்க்கும் ஒருவரை அவருக்குத் தெரியாமல் தொடர்ந்து படம் எடுப்பது, சட்டம் அனுமதித்தாலும், எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு படத்தை அவர் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது ஆறரைக்கு முன்னால் எடுத்தது” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலைக்கு மேலே, சட்டகத்தின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த சிறிய விளக்கைச் சுட்டிக்காட்டி, “இதை ஆறரைக்கு நான்தான் அணைப்பேன்” என்றார். அந்தப் படத்தை நான் குறைந்தது இருபது முறை பார்த்திருப்பேன். விளக்கு என் கண்ணில் படவே இல்லை. அன்று முதல், எடுத்த படத்தை மதிப்பிடும் முன் அதன் நான்கு ஓரங்களையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் வாரத்தில் ஓர் இழப்பு நேர்ந்தது. கணினிக்கு மாற்றிவிட்டதாக எண்ணி மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, மறுநாள் காலையும் அதிலேயே படம் எடுத்தேன். ஒன்பது நாள் படங்கள் எங்குமே நகலெடுக்கப்படவில்லை என்பது அன்று இரவுதான் தெரிந்தது. கேமராவில் ஃபார்மட் செய்யும்போது பொதுவாக அழிவது கோப்புகளின் பட்டியல்தான். அவற்றின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை படங்கள் கார்டிலேயே தங்கியிருக்கும். அப்போதே கார்டை வெளியே எடுத்துவைத்து, மீட்பு மென்பொருளைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டேன். ஆனால், மறுநாள் காலையில் எடுத்தவை எந்த இடத்தில் அமர்ந்தனவோ அந்த இடத்துப் பழைய படங்கள் திரும்பவில்லை. அவற்றுள் மழையில் குடையைப் பகிர்ந்துகொண்டு சாலையைக் கடந்த இரண்டு பள்ளி மாணவர்களின் படமும் ஒன்று. அதை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கார்டைத் துடைப்பது என்ற ஒழுங்கு அன்று தொடங்கியது.

எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது கடினமாக இருந்தது. அந்த நாட்களில் விவியன் மையரைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்துகொண்டே, கிடைத்த நேரத்தில் தெருக்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தவர் அவர். வாடகை செலுத்தப்படாத கிடங்கிலிருந்த அவருடைய பொருட்கள் 2007இல் ஏலம் விடப்பட்ட பிறகே அந்தப் படங்கள் வெளியே வந்தன. 2009இல் அவர் இறந்தபோது, கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் ஏராளமாக எஞ்சியிருந்தன. வேலைக்கு நடுவே கிடைக்கும் துண்டு நேரத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அதே சமயம், தான் எடுத்தவற்றுள் எவற்றை அவர் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதை இனி யாரும் அவரிடம் கேட்க முடியாது. நான் எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதியைத் தேர்வுக்கு ஒதுக்கினேன். ஏழாம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே சந்திப்புக்குச் சென்றேன். மற்ற நாட்களில் அதே 45 நிமிடங்கள் வீட்டில் மேசை முன் கழிந்தன.

திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்கு வரவில்லை. சுமார் 3,000 படங்களிலிருந்து 90ஐப் பிரித்து, சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பினேன். பேருந்தின் படியில் தொற்றியிருந்த ஒரு கையும், கட்டடப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியும் அருகருகே விழுந்தபோது இரண்டும் ஒரே சாய்வில் ஓடுவது தெரிந்தது. கணினியில் அவற்றுக்கிடையே 400 படங்கள் இருந்தன. மிகவும் விரும்பிய படங்கள் சிலவற்றை நீக்க வேண்டியிருந்தது. சாலையில் தேங்கிய நீரில் வானம் தெரியும் படம் அழகானதுதான். ஆனால், அந்தச் சந்திப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

பதினைந்தில் முதலாவதாக வைத்த படம் ஒரு பழைய படத்தின் நினைவில் பிறந்தது. 1838இல், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான டாகுவேர் பாரிஸின் பரபரப்பான சாலை ஒன்றைப் படமெடுத்தபோது, ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் படத்தில் பதியவே இல்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவரும் அதைத் துடைத்தவரும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்படி பதிந்தார்கள். மேகம் மூடிய ஒரு காலையில் நான் தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி, ஐஎஸ்ஓ 100, எஃப் 16, அரை நொடி என்று வைத்து எடுத்தேன். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் சாம்பல் நிறக் கோடுகளாக ஓடினார்கள். படியில் அமர்ந்திருந்த காவலாளியும் அவர் மடியிலிருந்த தொப்பியும் மட்டும் தெளிவாக நின்றார்கள். பதினேழு முறை எடுத்ததில் ஒன்றுதான் கை நடுங்காமல் வந்தது. அதன் அச்சுப்படி ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். வாங்கியதும் முதலில் விளக்கைத்தான் பார்த்தார்.

நேர்காணலில் என் மதிப்பெண்களைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எவற்றை நீக்கினீர்கள், ஏன் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தரையில் அமர்ந்து கழித்த காலைகளால் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மூன்று வாரங்களில் சேர்க்கைக் கடிதம் வந்தது.

மாலையில் முன்னதாகக் கிளம்புவதை ஈடுசெய்ய, வகுப்புள்ள மூன்று நாட்களிலும் அதிகாலையிலேயே அலுவலகம் செல்ல வேண்டியதாயிற்று. அந்நாட்களில் காலை நடை கிடையாது. முதல் வகுப்புக்கு நடந்து சென்றபோது அதே சந்திப்பைப் பொழுது சாயும் நேரத்தில் கடந்தேன். நிழல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தன. நான் பழகிய மூலைகள் எதுவும் பழைய இடத்தில் இல்லை. காவலாளி அப்போதுதான் பணிக்கு வந்திருந்தார், நெற்றியில் கோடு இல்லாமல், நாடாக்கள் இறுகக் கட்டியிருக்க. சுவரோரம் கையை நீட்டி அவர் அந்த விளக்கைப் போடுவதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். வகுப்புக்கு இன்னும் 20 நிமிடங்கள் இருந்தன. குவியத்தை 3 மீட்டரில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.