லாங் ஆப்சென்ட்

11 நவம்பர் 2024, திங்கள். ஹிரோஷிமா

தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர்கள் குழுவாக வந்திருக்கிறோம். டிராமில் ஒரு பள்ளிக்குப் போனோம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நடந்து வருகிறார்கள். வேன் இல்லை, வாசல் வரை வந்து பை தூக்கும் அம்மாக்கள் இல்லை. எங்கள் குழுவில் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு மேசை காலி. காய்ச்சலா என்று கேட்டேன். மொழிபெயர்க்க வந்த பெண் கேட்டுச் சொன்னார்: மே மாதத்திலிருந்து வரவில்லையாம். அதற்குமேல் அந்த ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

12 நவம்பர், செவ்வாய்

என் எட்டாம் வகுப்பு மாணவி செல்வியின் அம்மாவுக்கு போன். ஸ்விட்ச் ஆஃப். இங்கே இரவு பத்து, அங்கே ஆறரை. கூலி வேலைக்குப் போன இடத்தில் சார்ஜ் போட எங்கே போவார்கள்.

13 நவம்பர், புதன்

மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. நாலைந்து பிள்ளைகள் வெள்ளைக் குல்லாவும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். சோறு, மீன், சூப், பால். ஆசிரியருக்கும் அதே தட்டு. எங்கள் குழுவின் சைவக்காரர்கள் சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்ததைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. 1889-இல் யமகட்டா பகுதியில், புத்தக் கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சோறு இது. 1954-இல் சட்டமாக்கினார்கள். நம் காமராஜர் கால மதிய உணவும் ஏறக்குறைய அதே வருஷங்கள்தான். இரண்டு பக்கமும் பசி ஒரே சமயத்தில்தான் பள்ளிக்கூட விஷயமாகியிருக்கிறது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் மேசைகளைத் தள்ளிவிட்டுத் தரையைத் துடைத்தார்கள். எங்கள் சார் ஒருவர் பூரித்துப்போய், "இதை நாளைக்கே நம்ம ஸ்கூல்ல கொண்டு வரலாம்" என்றார். கொண்டு வரலாம்தான். யார் வீட்டுப் பிள்ளை கைக்குத் துடைப்பம் போகும், யார் வீட்டுப் பிள்ளை கரும்பலகையை மட்டும் அழிக்கும் என்பதையும் முதலில் பேசிவிடலாமா சார் என்றேன். பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ விட்டார்கள் என்று எத்தனை செய்தி படிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருக்காரர்கள் என்பது ஊருக்கே தெரியும். இங்கே முறை வைத்து எல்லோரும் துடைக்கிறார்கள், அதுதான் விஷயம், துணியும் வாளியும் இல்லை. சார் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

14 நவம்பர், வியாழன்

இன்று நம் ஊரில் குழந்தைகள் தினம். வகுப்பு வாட்ஸப்பில் மிட்டாய் போட்டோக்கள். போன வருஷம் பாரதி வேஷம் போட்டவள் செல்வி. மீசை ஒரு பக்கம் கலைந்ததற்கு அப்படி அழுதாள்.

இங்கே ஒரு கூட்டத்தில் கணக்கு சொன்னார்கள். தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் சேர்த்து, வருஷத்தில் முப்பது நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகள் 3,46,482 பேர். 2023 கல்வியாண்டின் கணக்கு, போன மாதக் கடைசியில்தான் வெளியிட்டிருக்கிறார்கள். நோயாலோ பணக் கஷ்டத்தாலோ வராதவர்கள் இதில் சேர மாட்டார்கள். தொடர்ந்து பதினோராவது வருஷமாகக் கூடுகிறது. நான் திரும்பக் கேட்டேன், பணம் காரணம் இல்லையென்றால் வேறென்ன? மனசு வரவில்லை, பயம், சக பிள்ளைகளின் கேலி, காலையில் எழ முடியவில்லை. வீட்டில் சோறு இருக்கிறது, அறை இருக்கிறது, அந்த அறையை விட்டுப் பிள்ளை வெளியே வருவதில்லை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வரப் பள்ளி இருந்தும் வராமல் இருப்பதா! சாயங்காலம் அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியர் பாடத்தாள்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பையன் வீட்டுத் தபால் பெட்டியில் போடுவாராம். வாரா வாரம். கதவைத் தட்டுவதில்லை, தட்டினால் பையன் இன்னும் உள்ளே போய்விடுவான் என்றார். எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

16 நவம்பர், சனி

அமைதி அருங்காட்சியகம். போன மாதம் அணுகுண்டில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்ததிலிருந்து கூட்டம் அதிகம் என்றார்கள். நுழைவுக் கட்டணம் 200 யென்.

மற்றதெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு டப்பா. 13 வயதுப் பையனின் சாப்பாட்டு டப்பா, நசுங்கியிருக்கிறது, உள்ளே சாப்பாடு கரியாக. அவன் அம்மா தேடிப் போனபோது உடலுக்கு அடியில் இது இருந்ததாம். அதை வைத்துத்தான் மகன் என்று தெரிந்துகொண்டார்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அவன் வகுப்பில் இல்லை. குண்டு விழுந்து தீப்பிடித்தால் பரவக்கூடாது என்று வீடுகளை இடித்து இடைவெளி விடும் வேலை நகரம் முழுக்க நடந்தது. அதற்கு 12, 13 வயதுப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அனுப்பியிருந்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் மட்டும் சுமார் 6,000 பேர் செத்தார்கள். கூடவே நின்ற ஆசிரியர்களும். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வருகை போட்டிருப்பார்களா? போட்டுத்தான் இருப்பார்கள். வாத்தியார் கண்முன்னால்தானே இருந்தார்கள்.

ஹொன்காவா தொடக்கப் பள்ளிக்கும் நடந்து போனோம். குண்டு வெடித்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள். சுமார் 400 பிள்ளைகள் இறந்தார்கள். பிழைத்தது ஒரு மாணவி, ஒரு ஆசிரியை. பழைய கட்டடத்தில் ஒரு துண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பள்ளி இன்றும் நடக்கிறது.

செல்விக்குப் பதிமூன்று.

17 நவம்பர், ஞாயிறு

தலைமையாசிரியர் மெசேஜ்: "டீச்சர், எட்டாம் வகுப்பு செல்வி லாங் ஆப்சென்ட். எமிஸ்ஸில் காமன் பூலுக்கு அனுப்பிடலாமா?" எமிஸ், மாணவர் விவரங்கள் இருக்கும் அரசுத் தளம். காமன் பூலுக்குப் போனால் நம் பள்ளிப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. வேண்டாம் சார், நான் வந்துவிடுகிறேன் என்று போட்டேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

19 நவம்பர், செவ்வாய்

மியாஜிமா தீவு. கடலுக்குள் கோயிலின் சிவப்பு வாசல், மான், கூட்டம். கால் வலி.

21 நவம்பர், வியாழன்

இரவு எட்டு மணிக்குப் பள்ளி வழியாக வந்தோம். ஆசிரியர் அறையில் விளக்கு எரிகிறது. பல நாட்டு ஆசிரியர்களிடம் எடுத்த 2018 டாலிஸ் ஆய்வில் ஜப்பான் நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு வாரம் 56 மணி நேர வேலை, கலந்துகொண்ட நாடுகளிலேயே அதிகம். ஊருக்குப் போனதும் "ஜப்பானைப் பாருங்கள்" என்று யாராவது மேடையில் தொடங்கினால் இந்த விளக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன்.

24 நவம்பர், ஞாயிறு

எடுத்துவிட்டாள்! செல்வியே எடுத்தாள்.

"டீச்சர், ஜப்பான்ல பனி பெய்யுதா?" அதுதான் முதல் கேள்வி. இன்னும் இல்லை என்றேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஆத்தங்கரைக் கொல்லையில் கொட்டாய் போட்டிருக்கிறார்களாம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்விட்டால் பாப்பாவை இவள்தான் பார்க்கவேண்டும், சோறும் ஆக்க வேண்டும். அறிவியல் புத்தகம் எடுத்து வந்திருக்கிறாளாம், கணக்கை விட்டுவிட்டாள். வேண்டுமென்றே விட்டிருப்பாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் போய் உட்காரலாமே, நான் பேசுகிறேன் என்றேன். பாப்பா அழுவாளே டீச்சர் என்றாள். அம்மா போனை வாங்கி, "மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டோம் டீச்சர், அடைச்சிட்டு வந்துருவோம்" என்றார்.

எப்போது என்று சொல்லவில்லை.

26 நவம்பர், செவ்வாய். கோலாலம்பூர்

இலங்கையில், அம்பாறை காரைதீவில் வெள்ளம். மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த டிராக்டர் கவிழ்ந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். தூக்கம் வரவில்லை.

27 நவம்பர், புதன்

சிலாங்கூரில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. வாசலிலேயே "வணக்கம் ஆசிரியை" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்ல, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பினாங்கில் 1816-இல் முதல் தமிழ் வகுப்பு. இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று தனிக் கணக்கு, இந்தப் பள்ளி அதில் எப்போதோ விழுந்துவிட்டது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. பள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

பள்ளியில் ஒரு ஆசிரியை மெதுவாகச் சொன்னார், பிறப்புப் பத்திரம் இல்லாததால் சேர்க்கவே முடியாமல் அலைகிற தமிழ்ப் பிள்ளைகளும் இங்கே உண்டு என்று. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், தாத்தாவும் இங்கே பிறந்தவர்தான். பெயரே ஏறாத பிள்ளையை எந்தக் கணக்கில் ஆப்சென்ட் போடுவது?

மதியம் இடி, மழை.

29 நவம்பர், வெள்ளி

வங்கக்கடலில் புயல், ஃபெஞ்சல் என்று பெயர். இங்கே கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம். ஒரே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் இங்கேயும். மலாய்ச் செய்தியில் முகாமில் படுத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கையில் தமிழ்ச் செய்தி.

30 நவம்பர், சனி

சென்னை விமான நிலையத்தை மதியம் மூடிவிட்டார்கள். எங்கள் விமானம் ரத்து. மலேசியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில். புயல் இரவு புதுச்சேரி அருகே கரை கடக்கிறது. செல்வி நம்பர்: தொடர்பு எல்லைக்கு வெளியே.

1 டிசம்பர், ஞாயிறு

மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திருவண்ணாமலையில் மண்சரிவு. அவர் போன் செய்து, நம் வீட்டில் கரண்ட் மட்டும்தான் இல்லை, பயப்படாதே என்றார். நான் நம் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, செல்வியின் கொட்டாய்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணை ஆற்றைப் பற்றித்தான் கேட்டேன்.

2 டிசம்பர், திங்கள். சென்னை

அதிகாலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்திருக்கிறார்கள். ராத்திரி, தூங்குகிற நேரத்தில். ஆத்தங்கரைக் கொட்டாய்க்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? ஊருக்குள் தண்டோரா போட்டாலும் கொல்லைக்குக் கேட்குமா? வேலைக்கு வந்தவர்களின் பெயர் அந்த ஊர் ரேஷன் கடையில் இல்லை, ஓட்டுப் பட்டியலில் இல்லை, பள்ளியிலும் இல்லை. அப்படியென்றால் யாராவது எண்ணிப் பார்க்கும்போது இவர்கள் குறைவது எப்படித் தெரியும்?

தலைமையாசிரியரைப் பிடித்து மேஸ்திரி நம்பர் வாங்கச் சொன்னேன். "அவர் நம்பர் எனக்கெங்கே டீச்சர்" என்றவர், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். இருந்தாலும் நல்ல மனுஷன்.

மேஸ்திரி எடுக்கவில்லை.

3 டிசம்பர், செவ்வாய். பஸ்ஸில்

ரயில்கள் ரத்து. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே ஆறு போனதாம். கண்டக்டர் திண்டிவனம் வரைதான் டிக்கெட் கிழித்தார், அதற்கு மேல் உங்க பாடு என்கிறார்.

மேஸ்திரி இப்போதுதான் பேசினார். "ஏதோ ஸ்கூல் முகாம்ல இருக்காங்கன்னு சொன்னாங்க டீச்சர், எந்த ஸ்கூல்னு தெரியல. பெரியவங்களைப் பாத்ததாத்தான் சொன்னாங்க." பிள்ளைகள்? "அது கேக்கல டீச்சர்." திரும்ப அடித்தால் பிஸி.

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். பழைய வாட்ஸப் குழுவில் நம்பர் இருக்கும். பேட்டரி 9 சதவீதம். திண்டிவனத்தில் இறங்கியதும் முதலில் பவர் பேங்க் ஒன்று வாங்கவேண்டும், அப்புறம்