லெஃப்சா விற்ற காசில் பார்னெலோபெட் நடத்துவது

அமெரிக்காவில் நார்வே வம்சாவளியினருக்கான பெரிய சங்கம் 'சன்ஸ் ஆஃப் நார்வே'. 1895-ல் மினியாபொலிசில் 18 குடியேறிகள் சேர்ந்து தொடங்கினார்கள். நோயோ சாவோ வந்தால் ஒருவர் குடும்பத்தை மற்றவர்கள் தாங்குவதே அன்றைய நோக்கம். ஊர்க் கிளைகளுக்கு லாட்ஜ் என்று பெயர். நார்வே பூர்வீகம் இல்லாதவர்களும் உறுப்பினராகலாம். எங்கள் லாட்ஜில் கிறிஸ்துமஸுக்கு முன் லெஃப்சா விற்போம். அந்தப் பணத்தில்தான் குளிர்காலத்தில் குழந்தைகளின் ஸ்கீ (பனிச்சறுக்கு) நாளான பார்னெலோபெட் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே கணக்கு வேலை ஒன்று இருக்கிறது; சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

லெஃப்சா என்பது உருளைக்கிழங்கு மாவில் இடும் மெல்லிய ரொட்டி. ரஸ்ஸட் என்ற மாவுத்தன்மை கூடிய உருளைக்கிழங்குதான் வேண்டும். சிவப்புத் தோல் கிழங்கில் ஈரம் அதிகம், மாவு பசையாகிவிடும். வேகவைத்த கிழங்கைச் சூடாக இருக்கும்போதே ரைசரில் (நம் சேவை நாழி மாதிரி) பிழிய வேண்டும். பிழிந்த கிழங்கு 4 கப்புக்கு வெண்ணெய் கால் கப், க்ரீம் கால் கப், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன். கலந்து, மூடாமல் ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கிறோம். சூட்டோடு மூடினால் ஆவி நீராகத் திரும்பி மாவில் இறங்கும். மைதா 1 முதல் 1½ கப் வரை பிடிக்கும். அதை மறுநாள் தேய்க்கப் போகும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரு ஈடுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பிசைந்து வைத்தால் அரை மணி நேரத்தில் மாவு இளகி, துணி போர்த்திய பலகையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் மைதா போட்டால் லெஃப்சா தோல் மாதிரி இழுக்கும். கல்லின் சூடு 260 டிகிரி செல்சியஸ் (500 ஃபாரன்ஹீட்). சூடு குறைந்தால் பழுப்புப் புள்ளி விழுவதற்குள் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும், மடிக்கும்போது உடையும்.

பாக்கெட் போடும் வேலை பிள்ளைகளுக்கு. முழுக்க ஆறிய பிறகே பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. லேபிளில் பாலும் கோதுமையும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தச் சமையலறையில் செய்து விற்கலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிழங்கு வாங்குவதற்கு முன்பே கவுண்டி (மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி கணக்கு. லாட்ஜ் என்பது அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(8), அதாவது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவும் சங்க வகை. அதற்குக் கொடுக்கும் நன்கொடை அறப்பணிக்கு மட்டுமே செலவானால்தான் கொடுத்தவருக்கு வரிக் கழிவு. 1966-ல் தொடங்கிய சன்ஸ் ஆஃப் நார்வே ஃபவுண்டேஷன் தனி அமைப்பு, 501(சி)(3), அதாவது அறப்பணி வகை; அதற்குக் கொடுக்கும் நன்கொடைக்குக் கழிவு உண்டு. அதனால் பெரிய தொகை தர வருபவரிடம், காசோலையை யார் பெயருக்கு எழுதப் போகிறார் என்பதை முதலிலேயே பேசிவிடுகிறோம். லெஃப்சாவுக்குக் கொடுத்த விலை நன்கொடை ஆகாது. 10 டாலர் பாக்கெட்டுக்கு ஒருவர் 100 டாலர் நீட்டினால் 90 மட்டுமே நன்கொடை. இப்படிப் பொருளும் கொடையும் கலந்த தொகை 75 டாலரைத் தாண்டினால் பொருளின் மதிப்பைக் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்கும் பொறுப்பு பணத்தைப் பெற்ற அமைப்புடையது. நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ என்றால், கழிவு கோருபவர் கையில் எழுத்து ரசீது இருக்க வேண்டும்; பதிலுக்கு ஏதாவது பெற்றாரா இல்லையா என்பதும் அதில் இருக்க வேண்டும். ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டுக்கு வரிக் கழிவே கிடையாது. வாங்குபவர்களில் பாதிப் பேர் இதை நம்ப மாட்டார்கள்.

விற்பனை மேஜையில் இரண்டு டப்பா வைப்பது எங்கள் வழக்கம்: ஒன்று விலைக்கு, ஒன்று கொடைக்கு. மாலையில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால் எது எதுவென்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

மீதித் தொகையில் ஒரு பங்கு 'ஸ்கீ ஃபார் லைட்' அமைப்புக்குப் போகிறது. பார்வையற்ற நார்வே இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டோர்டால் 1964-ல் நார்வேயின் பெய்டோஸ்டோலனில் தொடங்கிய ரிட்டர்ரென்னெட் என்ற பார்வையற்றோர் ஸ்கீ நிகழ்வைப் பார்த்து, ஓலாவ் பெடர்சன் 1975-ல் கொலராடோவில் தொடங்கியது அது. பார்வையற்றவர் ஒரு தடத்திலும் வழிகாட்டி பக்கத்துத் தடத்திலுமாகப் பனியில் சறுக்குவார்கள். பணம் எங்கே போகிறது என்று இதைச் சொன்னால் பதின்ம வயதுப் பிள்ளைகள் மாவுப் பலகையை விட்டு நகர்வதில்லை.

பார்னெலோபெட் 3 முதல் 13 வயது வரையுள்ளவர்களுக்கு. போட்டி இல்லை, நேரம் குறிப்பதில்லை, முடித்த எல்லோருக்கும் பதக்கம் உண்டு. சட்டை எண்ணையும் எல்லோருக்கும் 1 என்றே கொடுத்துவிடலாம், சண்டை வராது. மூன்று வயதுக்காரர்களுக்கு 200 மீட்டர் சுற்று போதும். அவர்கள் கையில் கோல் வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் கண்ணில்தான் குத்தும். அடியில் செதில் வெட்டிய ஸ்கீயாக இருந்தால் பிடிப்புக்கு மெழுகு தேய்க்கிற வேலை இல்லை.

பெரிய தலைவலி இரவல் பூட்ஸ். என்.என்.என். வகைப் பூட்ஸின் அடியில் நீளவாட்டில் இரண்டு பள்ளம் இருக்கும், பழைய எஸ்.என்.எஸ். வகையில் நடுவே ஒன்று. ஒரு வகைப் பூட்ஸை மற்ற வகைக்கான பிணைப்பில் (பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் கொக்கி) மாட்டவே முடியாது. கால் அளவு மட்டும் கேட்டு எடுத்து வந்தால் தொடக்கக் கோட்டில் அழுகைதான். ஸ்கீயையும் பூட்ஸையும் முதல் நாளே மாட்டிப் பார்த்து, ஜோடியாகக் கட்டி, இரண்டிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டிவிடுகிறோம்.

வெப்பநிலை மைனஸ் 18 செல்சியஸுக்குக் கீழே போனால் தள்ளிவைப்போம். பனியே விழாத வருஷமும் வரும். அப்போது அதே பாதையில் நடை, அதற்குப் பெயர் பார்னெகாங்கன். பூங்கா அனுமதிக்கு எழுதும்போதே 'ஸ்கீ அல்லது நடை' என்று இரண்டையும் கேட்டுவிட வேண்டும். பதக்கத்தில் தேதி பொறிக்காமல் ஆர்டர் செய்தால் மிஞ்சியதை அடுத்த வருஷம் கொடுக்கலாம்.